கடையின் மின்சார ஒப்பந்தம் முடியப் போகிறது: இருப்பதா, மாறுவதா?

இங்கிலாந்தில் சிறிய மளிகைக்கடை நடத்தும் ஒருவர் கேட்ட கேள்வி இது. கடையின் மின்சார ஒப்பந்தம் இன்னும் சில மாதங்களில் முடிகிறது. தினமும் புரோக்கர்கள் போன் செய்து ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள். இப்போது இருக்கும் சப்ளையரே போதுமா, மாறினால் உண்மையிலேயே லாபமா, மாறுவதென்றால் எப்படி மாறுவது? கடை, ரெஸ்டாரன்ட், சலூன், சின்ன பட்டறை என்று எது நடத்தினாலும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் ஒப்பந்தம் முடியும் தேதியும், கடந்த 12 மாதத்தில் கடையில் ஓடிய யூனிட் எவ்வளவு என்பதும் கையில் இல்லாமல் யாருடனும் விலை பேசாதீர்கள். இந்த இரண்டும் தெரியாதவரிடம்தான் போனில் பேசுபவர் எந்த விலையையும் ‘நல்ல விலை’ என்று தலையில் கட்ட முடியும்.

வீட்டு மின்சாரத்தில் பழகிய நினைப்போடு கடை மின்சாரத்துக்கு வருவதுதான் பலருக்கும் நஷ்டத்தின் தொடக்கம். வீடுகளுக்கு, எரிசக்திச் சந்தையைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம் என்ற அமைப்பு நிர்ணயிக்கும் விலை உச்சவரம்பு உண்டு. கடைக்கு அது கிடையாது. வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டால் 14 நாட்களுக்குள் மனம் மாறி விலகலாம். கடை ஒப்பந்தத்தில் சட்டப்படி அப்படி ஒரு அவகாசம் இல்லை. போனில் ‘சரி, போடுங்கள்’ என்று சொல்லி அது பதிவாகியிருந்தால், கையெழுத்தே இல்லாவிட்டாலும் ஒப்பந்தம்தான். கல்லாவில் நின்றுகொண்டு, வாடிக்கையாளருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டே போனில் மூன்று ஆண்டுக்கு ‘யெஸ்’ சொல்லிவிட்டவர்கள் நிறையப் பேர். அந்த நேரத்தில் போன் வந்தால், மின்னஞ்சலில் அனுப்புங்கள் என்று சொல்லி வைத்துவிடுங்கள். நல்ல விலை என்றால் எழுத்தில் தருவதற்குத் தயங்கமாட்டார்கள்.

அடுத்தது தேதி. ஒப்பந்தம் முடிந்த பிறகும் எதுவும் செய்யாமல் இருந்தால் மின்சாரம் நிற்காது, விலைதான் மாறும். ‘அவுட் ஆஃப் கான்ட்ராக்ட்’ விலைக்குப் போவீர்கள். அது ஒப்பந்த விலையைவிட மிக அதிகம், சில சப்ளையர்களிடம் இரட்டிப்பை நெருங்கும். புதிதாகக் கடையை எடுக்கும்போதும் இப்படித்தான். சாவியை வாங்கி விளக்கைப் போட்ட நிமிடத்திலிருந்து, அந்த மீட்டருக்கு ஏற்கனவே மின்சாரம் தரும் நிறுவனத்தோடு ‘டீம்டு கான்ட்ராக்ட்’ தானாக உருவாகிவிடுகிறது. அதன் விலையும் கையைக் கடிக்கும். ஆனால் அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் அபராதம் இல்லாமல் வெளியேறலாம். கடையை மாதக்கணக்கில் புதுப்பித்துக்கொண்டு, திறந்த பிறகு பார்ப்போம் என்று இருப்பவர்கள் இந்த விலையைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் ‘மைக்ரோ பிசினஸ்’ வகையில் வருகிறீர்களா என்று பாருங்கள். ஆண்டுக்கு 1,00,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் எடுக்காத கடை அந்த வகைதான். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்து, விற்றுமுதலும் வரம்புக்குள் இருந்தாலும் அதே வகை. இதில் இருப்பவர்களுக்குச் சில பாதுகாப்புகள் உண்டு. பில்லிலேயே ஒப்பந்தம் முடியும் தேதியைப் போட வேண்டும். முடிவதற்கு ஏறக்குறைய 60 நாட்களுக்கு முன் புதுப்பிப்பு விலையைச் சொல்லிக் கடிதம் அனுப்ப வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து, முடிவில் விலகுவதற்குத் தனியாக நோட்டீஸ் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. நீங்கள் பேசாமல் இருந்து, சப்ளையர் தானாக நீட்டித்திருந்தாலும் அந்த நீட்டிப்பிலிருந்து விலக அபராதம் கேட்க முடியாது. ஆனால் இதைவிடப் பெரிய தொழில் என்றால் ஒப்பந்தத்தில் 90 நாள், 120 நாள் நோட்டீஸ் என்று எழுதியிருக்கலாம். அந்த நாளைத் தவறவிட்டால் இன்னொரு ஆண்டு மாட்டிக்கொள்வீர்கள். ஒப்பந்தத்தை எடுத்து அந்த வரியைத் தேடிப் பிடித்து, தேதியைச் சுவர்க் காலண்டரில் எழுதிவிடுங்கள்.

இனி பில்லைக் கையில் எடுங்கள். மீட்டர் அளவுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். ‘ஏ’ என்றால் உண்மையில் எடுத்த அளவு, ‘சி’ என்றால் நீங்கள் கொடுத்தது, ‘ஈ’ என்றால் சப்ளையரின் ஊகம். தொடர்ந்து ‘ஈ’ வந்துகொண்டிருந்தால் உங்கள் ஆண்டு யூனிட் கணக்கே பொய். அதை வைத்து வாங்கும் எந்த விலையும் உதவாது. அப்புறம் ‘எஸ்’ என்ற எழுத்தோடு கட்டத்துக்குள் ஓர் எண் இருக்கும். அதுதான் எம்பான். அதில் 13 இலக்கமுள்ள பகுதி உங்கள் இணைப்பின் அடையாளம். அதன் முதல் இரண்டு இலக்கம் எந்தப் பகுதியின் கம்பி என்று சொல்லும்: லண்டன் 12, தென்கிழக்கு 19, கிழக்கு 10.

பில்லில் உள்ள மீட்டர் சீரியல் எண்ணும் சுவரில் இருக்கும் மீட்டரின் எண்ணும் ஒன்றா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஒரே கட்டடத்தில் நான்கைந்து கடைகள் வரிசையாக இருக்கும் இடங்களில், பக்கத்துக் கடையின் மீட்டருக்கு நாம் பணம் கட்டிக்கொண்டிருப்பது நடக்கிற விஷயம்தான். எண் ஒத்துப்போனாலும் சந்தேகம் இருந்தால், கடை மூடியபின் மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்து மீட்டர் நிற்கிறதா என்று பார்க்கலாம். இதைச் சரிசெய்யாமல் சப்ளையரை மாற்றினால் குழப்பம் இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே போய்விடும், அவிழ்ப்பது மிகவும் கடினம்.

மீட்டருக்குப் பக்கத்தில் நிற்கும்போதே இன்னொரு வேலையும் செய்யுங்கள். இரவு 11 மணிக்குக் கடை மூடும்போது ஓர் அளவு, காலை 7 மணிக்குத் திறக்கும்போது ஓர் அளவு. இரவு 45,210, காலை 45,226 என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில் 16 யூனிட். அதாவது யாருமில்லாத கடை மணிக்கு 2 யூனிட் எடுக்கிறது. ஃபிரிட்ஜ், ஃப்ரீசர், அணைக்காமல் விட்ட பெயர்ப்பலகை விளக்கு எல்லாம் சேர்ந்துதான் அது. ஆண்டுக்குப் பெருக்கினால் 17,520 யூனிட். இரவு விலை குறைவாக உள்ள இரட்டை ரேட் ஒப்பந்தம் உங்களுக்குப் பொருந்துமா என்பதை இந்த எண்தான் சொல்லும். பகலில் மட்டும் இயங்கும் சலூனுக்கு அது பொருந்தாது. ஃப்ரீசர் வரிசையாக நிற்கும் கடைக்குப் பொருந்தலாம், ஆனால் மீட்டர் இரவையும் பகலையும் பிரித்துக் கணக்கிடுவதாக இருக்க வேண்டும். ஃப்ரீசர் கதவின் ரப்பர் பட்டை கிழிந்திருந்தால் அதை மாற்றுவதில் மிச்சமாவது, சப்ளையரை மாற்றுவதில் மிச்சமாவதைவிடக் கூடுதலாக இருக்கும் கடைகளும் உண்டு.

சரி, விலைக்கு வருவோம். யூனிட் விலை ஒன்று, நாள்தோறும் கட்டும் ஸ்டாண்டிங் சார்ஜ் ஒன்று. போனில் சொல்வது முதலாவதை மட்டும்தான். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் வைத்த எண்கள்தான், இன்றைய சந்தை விலை அல்ல. முதல் சப்ளையர் யூனிட்டுக்கு 24 பென்ஸ், நாளுக்கு 60 பென்ஸ். இரண்டாமவர் யூனிட்டுக்கு 22.5 பென்ஸ், நாளுக்கு 2.40 பவுண்ட். ஆண்டுக்கு 12,000 யூனிட் எடுக்கும் சலூனுக்கு முதலாமவர் 3,099 பவுண்ட், இரண்டாமவர் 3,576 பவுண்ட். போனில் மலிவாகக் கேட்டது ஆண்டுக்கு 477 பவுண்ட் கூடுதல். அதே இருவரும் 60,000 யூனிட் எடுக்கும் மளிகைக்கடைக்கு 14,619, 14,376 என்று கேட்பார்கள். இங்கே இரண்டாமவர் மலிவு. ஆக, ‘எந்த சப்ளையர் மலிவு’ என்ற கேள்விக்குப் பொதுவான பதிலே கிடையாது. உங்கள் யூனிட்டைப் போட்டு ஆண்டுக்கு மொத்தம் எத்தனை பவுண்ட் என்று ஒரே வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். இப்போதைய சப்ளையரின் புதுப்பிப்பு விலையையும் அதே மாதிரி எழுதி வையுங்கள். அந்தப் புதுப்பிப்பு விலை இறுதியானது என்று நினைக்காதீர்கள். வெளியே வாங்கிய விலையைக் காட்டினால் இறங்கி வருவார்கள்.

ஸ்டாண்டிங் சார்ஜ் ஏன் இவ்வளவு ஏறியது என்று பலர் கோபப்படுகிறார்கள். ஒரு காரணம் விதி மாற்றம். கம்பி வலையமைப்புக்கான செலவில் ஒரு பகுதி முன்பு யூனிட் கணக்கில் வசூலானது. உள்ளூர் விநியோக வலையமைப்புக்கு 2022 ஏப்ரலிலும், நாடு தழுவிய உயரழுத்த வலையமைப்புக்கு 2023 ஏப்ரலிலும் அது நாளுக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணமாக மாறியது. எந்த சப்ளையரிடம் போனாலும் இது கூடவே வரும்.

இதோடு சேர்ந்ததுதான் ‘ஃபிக்ஸ்டு’ என்ற பேச்சு. சில ஒப்பந்தங்களில் எல்லாமே நிலையானது. சிலவற்றில் சப்ளையர் மொத்தச் சந்தையில் வாங்கும் மின்சாரத்தின் விலை மட்டும் நிலையானது, வலையமைப்புக் கட்டணமும் அரசின் லெவிகளும் (பில்லில் சேரும் கூடுதல் கட்டணங்கள்) கூடினால் அதை உங்களிடம் தள்ளிவிடலாம். இதை ‘பாஸ் த்ரூ’ என்பார்கள். சைஸ்வெல் சி அணுமின் நிலையத்தைக் கட்டுவதற்கான லெவி 2025 இறுதியில் வந்தது. ஃபிக்ஸ்டு என்று நம்பியிருந்தாலும், சட்டம் அல்லது லெவி மாறினால் விலையை மாற்றலாம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் இப்படிப்பட்ட செலவு உங்கள் பில்லுக்கு வரலாம். பாஸ் த்ரூ தவறானது என்று சொல்லவில்லை. மாதாமாதம் பில்லைப் பிரித்துப் பார்க்க ஆள் உள்ள பெரிய நிறுவனத்துக்கு அது லாபமாகக்கூட இருக்கலாம். தனியாளாகக் கடை நடத்துபவருக்கு முழுமையாக நிலையான விலையைத்தான் நான் சொல்வேன், கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும். விலை கேட்கும்போது, எந்தெந்தச் செலவு ஒப்பந்தக் காலத்தில் மாறலாம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

வாட் என்ற மதிப்புக்கூட்டு வரி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பணத்தை இழப்பது தெரியாமலே நடக்கும். கடை மின்சாரத்துக்கு வாட் 20 சதவீதம். ஆனால் நாளுக்குச் சராசரியாக 33 யூனிட்டுக்கு மேல் போகாத சின்ன இணைப்புக்கு 5 சதவீதம்தான். கடைக்கு மேலே குடியிருந்து ஒரே மீட்டரில் இரண்டும் ஓடினால், வீட்டுப் பயன்பாடு 60 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் முழு பில்லுக்கும் 5 சதவீதம், குறைவென்றால் அந்தப் பங்குக்கு மட்டும். 5 சதவீதம் பொருந்தும் பகுதிக்கு, யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.8 பென்ஸ் வரும் பருவநிலை லெவியும் கிடையாது. வீட்டுப் பங்குக்கு நீங்கள் படிவம் நிரப்பிக் கொடுத்தால்தான் கிடைக்கும். சப்ளையர் மாறும்போது புதியவருக்கு மறுபடியும் கொடுக்க வேண்டும், பழைய படிவம் கூடவே போகாது.

இனி புரோக்கர். நல்ல புரோக்கர்கள் இருக்கிறார்கள், நேரமில்லாத கடைக்காரருக்கு அவர்கள் உதவிதான். ஆனால் ‘எங்களுக்கு நீங்கள் எதுவும் தர வேண்டாம், சேவை இலவசம்’ என்று சொல்பவரிடம் கவனமாக இருங்கள். அவருடைய கமிஷன் உங்கள் யூனிட் விலைக்குள் இருக்கிறது. ஆண்டுக்கு 40,000 யூனிட் எடுக்கும் கடையின் விலையில் 2 பென்ஸ் கமிஷன் சேர்த்து மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டால், நீங்கள் அவருக்குத் தருவது 2,400 பவுண்ட். நீண்ட ஒப்பந்தத்தையே ஏன் வற்புறுத்துகிறார்கள் என்பது இந்தக் கணக்கைப் பார்த்தாலே புரியும். மைக்ரோ பிசினஸ்களுக்கு 2022 அக்டோபரிலிருந்தும், மற்றத் தொழில்களுக்கு 2024 அக்டோபரிலிருந்தும் இந்தத் தொகை வெளிப்படையாகக் காட்டப்பட வேண்டும். ‘பென்ஸில் வேண்டாம், ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் எத்தனை பவுண்ட்?’ என்று கேளுங்கள். நேர் பதில் வராவிட்டால் அவர் வேண்டாம்.

புரோக்கர் கேட்கும் அதிகாரக் கடிதத்தையும் படிக்காமல் அனுப்பாதீர்கள். ‘லெட்டர் ஆஃப் அத்தாரிட்டி’ என்பதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று உங்கள் சார்பில் தகவல் கேட்கவும் விலை வாங்கவும் மட்டும். மற்றது உங்கள் பெயரில் ஒப்பந்தமே போட்டுவிடலாம் என்று அனுமதிப்பது. முதலாவதை மட்டும் கொடுங்கள், முடிவுத் தேதி போட்டுக் கொடுங்கள். ஒப்பந்தம் நடுவில் இருக்கும்போது, ‘கடை கை மாறியது என்று காட்டிவிடலாம், பழையதிலிருந்து தப்பிக்கலாம்’ என்று யோசனை சொல்லும் புரோக்கர்களும் உண்டு. அது மோசடி. சப்ளையர் குத்தகைப் பத்திரம் கேட்பார், பொய் தெரிந்தால் மாட்டுவது நீங்கள்தான், அவர் அல்ல.

எத்தனை ஆண்டுக்குப் போடுவது? 2022 ஆகஸ்டில் மின்சாரத்தின் மொத்தச் சந்தை விலை உச்சத்துக்குப் போனது. அந்த ஆண்டின் இறுதியில் பயந்துபோய் இரண்டு, மூன்று ஆண்டுக்குப் போட்டவர்கள், சந்தை இறங்கிய பிறகும் பழைய விலையையே கட்டினார்கள். தொழில்களின் மின்கட்டணத்துக்கு அரசு தந்த உதவி 2024 மார்ச்சோடு நின்றது, அவர்களுடைய ஒப்பந்தம் நிற்கவில்லை. அதற்கு முன்பே, விலை குறைவாக இருந்தபோது மூன்று ஆண்டுக்குப் போட்டவர்கள் அந்தப் புயல் முழுவதையும் தெரியாமல் கடந்தார்கள். விலை ஏறுமா இறங்குமா என்று சொல்பவரை நம்பி முடிவெடுக்க வேண்டாம். மின்சாரம் உங்கள் செலவில் பெரிய பங்கு என்றால், லாபம் தாங்கும் விலை கிடைக்கும்போது நீண்ட காலத்துக்குப் பூட்டுங்கள். பதற்றத்தில் சந்தை கொதிக்கும்போது கட்டாயம் வந்தால் ஓராண்டுக்கு மேல் போகாதீர்கள். பல சப்ளையர்கள் தொடக்கத் தேதிக்கு ஆறு மாதம், ஓர் ஆண்டு முன்பே விலையைப் பூட்டித் தருவார்கள். கடைசி வாரம்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஒப்பந்தத்தில் இன்னும் சில வரிகளைத் தேடுங்கள். நீங்கள் சொன்ன யூனிட்டைவிடக் கூடவோ குறையவோ எடுத்தால் அபராதமா? முன்பணம் கேட்கிறார்களா? கடையை விற்றாலோ இடம் மாறினாலோ என்ன ஆகும்? லிமிடெட் கம்பெனி வைத்திருப்பவர்கள் கம்பெனியின் பெயரில்தான் ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தப் பெயரில் போட்டுவிட்டால் கம்பெனியை மூடினாலும் கடன் உங்கள் தலையில்.

சப்ளையர் நிதிநிலையில் உறுதியானவரா என்பதும் முக்கியம். 2021 இலையுதிர் காலத்தில் தொடங்கிய நெருக்கடியில் கிட்டத்தட்ட 30 சப்ளையர்கள் மூடினார்கள். அப்படி மூடினாலும் மின்சாரம் நிற்காது, ஆஃப்ஜெம் வேறொருவரை நியமிக்கும். ஆனால் உங்கள் பழைய விலை போய்விடும். வீடுகளுக்குக் கணக்கில் உள்ள மிச்சப் பணம் திரும்பக் கிடைப்பது போல் கடைகளுக்கு உத்தரவாதம் இல்லை. அதனால் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் டைரக்ட் டெபிட்டில் தேவைக்கு மேல் பணம் சேர விடாதீர்கள்.

பெரிய சமையலறையோ குளிர்பதனக் கிடங்கோ உள்ளவர்களுக்கு அரைமணி நேரக் கணக்கு மீட்டர் இருக்கும். பில்லில் கேவிஏ என்று ஒரு வரி வரும், ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு மின்திறன் எடுக்கலாம் என்று உங்களுக்கு ஒதுக்கிய அளவு அது. அந்த அளவு சப்ளையருடையது அல்ல, உங்கள் பகுதியின் கம்பி நிறுவனத்தோடு ஒத்துக்கொண்டது. 100 கேவிஏ ஒதுக்கி வைத்துக்கொண்டு 55-க்கு மேல் போவதே இல்லை என்றால் வீணாகக் கட்டுகிறீர்கள், குறைக்கச் சொல்லலாம். ஆனால் தொழிலைப் பெருக்கும் எண்ணம் இருந்தால் அவசரப்படாதீர்கள். விட்டுக்கொடுத்த அளவைத் திரும்பக் கேட்கும்போது கிடைக்காமல் போகலாம், புதிய கேபிளுக்கே செலவு கேட்கலாம்.

மாறும் வேலை இவ்வளவுக்கும் பிறகு எளிது. கம்பி மாறாது, மீட்டர் பெரும்பாலும் மாறாது, ஒரு நிமிடம்கூட மின்சாரம் போகாது. மின்தடை வந்தால் அழைக்கும் 105 என்ற எண்ணும் அதேதான். 2022 ஜூலையிலிருந்து மாற்றம் ஐந்து வேலை நாட்களுக்குள் முடிய வேண்டும் என்பது ஏற்பாடு. நீங்கள் கவனிக்க வேண்டியது தொடக்கத் தேதி. பழையது முடிந்த மறுநாளாக அது இருக்க வேண்டும். ஒரு நாள் முன்னே விழுந்தால் பழைய சப்ளையர் மறுப்புத் தெரிவித்து நிறுத்திவிடலாம், ஒரு வாரம் பின்னே விழுந்தால் அந்த வாரத்துக்கு அவுட் ஆஃப் கான்ட்ராக்ட் விலை. பாக்கி இருந்தாலும் மறுக்கலாம், அதனால் சர்ச்சையில்லாத பில்களை முன்பே கட்டிவிடுங்கள்.

மாறும் நாளில் சீரியல் எண்ணும் அளவும் ஒன்றாகத் தெரியும்படி மீட்டரைப் போனில் படம் எடுங்கள். அதே அளவைப் பழையவருக்கும் புதியவருக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். பழையவரின் கடைசி பில்லும் புதியவரின் முதல் பில்லும் ஒரே எண்ணில் சந்திக்க வேண்டும். சந்திக்காவிட்டால் உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால், அல்லது இனி எங்களால் முடியாது என்று அவர்களே எழுதிக் கொடுத்தால், இப்படிப்பட்ட புகார்களை நடுநிலையாகத் தீர்க்கும் எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். முன்பு மைக்ரோ பிசினஸ்களுக்கு மட்டும் இருந்த இந்த வழி, 2024 டிசம்பரிலிருந்து 50 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு தொழில்களுக்கும் திறந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் பில் போடாமல் இருந்துவிட்டு ஒருநாள் பெரிய தொகை கேட்டால், மைக்ரோ பிசினஸாக இருந்து தவறும் உங்களுடையதாக இல்லாவிட்டால், 12 மாதத்துக்கு முந்தைய பயன்பாட்டுக்கு வசூலிக்க முடியாது. அந்த மீட்டர் படங்களைப் பத்திரமாக வைத்திருங்கள், அப்போது கேட்பார்கள்.